பூச்சி என்று சொன்னோம்: ஒரு கட்டுவிரியன் கடியும் அதற்கு முந்தைய மூன்று மாதங்களும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது என் பெரியப்பாவின் தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடு. மாநிலம் கேரளம், ரேஷன் அட்டையில் மலையாளம், வீட்டுக்குள் பேச்சு முழுக்கக் கொங்குத் தமிழ். போன ஐப்பசியில் ஒரு மழை இரவு அங்கே பெரியம்மாவைக் கட்டுவிரியன் கடித்தது. ஒன்பதாம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதற்றத்தோடு படிக்க வேண்டாம்.

நான் கோயம்புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவன் இல்லை. அன்று காலை ஏழரைக்கு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்புறம் ஒரு வாரம் அங்கேயும் சாளையிலுமாக அலைந்தபோது, யார் எத்தனை மணிக்கு என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வைத்தேன். இது அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதியது.

சாளையும் சுற்றுப்புறமும்

கேரளம் என்றதும் மனதில் வருகிற பச்சை சித்தூர் வட்டத்தின் கிழக்கு மூலையில் கிடையாது. பாலக்காட்டுக் கணவாயின் காய்ந்த பக்கம் இது. மண் கரிசல். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வெடிப்புக்குள் எலி குடியேறும், எலியின் பின்னால் பாம்பு வரும். ஐப்பசி மழை இறங்கி மண் ஊறினால் வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும், வளைகளில் தண்ணீர் நிற்கும். அப்போது எலி, தவளை, பாம்பு எல்லாம் மேட்டைத் தேடும். தோட்டத்தில் மேடு என்று இருப்பது வீடு ஒன்றுதான்.

சாளை பழைய ஓட்டு வீடு. நடுவில் ஆசாரம் என்கிற கூடம், பின்னால் சமையலறை, ஆறு வருஷத்துக்கு முன் ஒட்டிக் கட்டிய குளியலறை. பின்சுவரோடு சேர்த்து விறகு அடுக்கியிருக்கும். பத்தடி தள்ளிக் கோழிக்கூடு, அதை ஒட்டித் தவிடும் புண்ணாக்கும் வைக்கிற தகரக் கொட்டகை. கொல்லைக் கோடியில் தேங்காய் மட்டை ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. விலை வரட்டும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார் பெரியப்பா. விலை வரவில்லை, வேறு விருந்தாளிகள் வந்தார்கள்.

ஆடி மாதம் கோழிக்கூட்டில் ஒரு நாகம். முட்டை இரண்டைக் காணோம். பெரியப்பா தள்ளி நின்று கற்பூரம் காட்டி, "நல்லது வந்திருக்குது, யாரும் சத்தம் போடாதீங்க" என்றார். அது அரை மணி நேரம் இருந்துவிட்டு வேலிப்பக்கம் போய்விட்டது. எலியும் முட்டையும் கிடைக்கிற இடம் என்று தெரிந்துகொண்டு வந்த பாம்பு அது. அதைக் கும்பிட்டார்களே தவிர, கொட்டகையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

புரட்டாசியில் வந்தது இரண்டாவது. குளியலறைக்குள் முழம் நீளத்தில், கறுத்த உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு பாம்பு. அண்ணன் போனில் படம் எடுத்தார். யூடியூபில் நாலு வீடியோ பார்த்தார். ஓநாய்ப் பாம்பு, விஷம் கிடையாது என்று முடிவு கட்டி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, வந்த கழிவுநீர்க் குழாய் வழியாகவே வெளியே தள்ளிவிட்டார். கொல்லாமல் விட்டதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பெருமையும் இருந்தது.

அந்தப் படத்தை நான் பிறகு பார்த்தேன். ஓநாய்ப் பாம்புக்குப் பட்டைகள் கழுத்திலிருந்தே தொடங்கும். முன்னால் தடிமனாக இருந்து வாலை நோக்கிப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்கு நேர் எதிர். கழுத்துப் பக்கம் பட்டை இருக்காது, இருந்தாலும் மங்கல்; பின்னால் போகப் போகத் தெளிந்து வால் நுனி வரை போகும். கோடுகள் மெல்லியவை, பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்து வரும். முதுகின் நடுவே மற்றவற்றைவிடப் பெரிய, அறுகோணச் செதில்கள் ஒரு வரிசையாக ஓடும். உடம்பில் எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு. அண்ணன் எடுத்த படத்தில் வால் பக்கத்துக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. வாளித் தண்ணீரில் வெளியே போனது கட்டுவிரியன்தான். கடித்தது அதே பாம்புதானா என்று கேட்டால், அது முக்கியமில்லை. ‘நம்ம வீட்டுக்கு வருகிற பட்டைப் பாம்புக்கு விஷமில்லை’ என்ற நிம்மதியை அது விட்டுப் போயிருந்தது. அந்த நிம்மதியில்தான் குளியலறைக் குழாய்க்கு ஒரு சல்லடைகூடப் போடாமல் விட்டார்கள்.

அந்த இரவு

எட்டு மணிக்கு மழை பிடித்தது. ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. கட்டிலில் புழுக்கம் தாங்காமல் பெரியம்மா ஆசாரத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். கொசுவலை கட்டிலோடு நின்றுவிட்டது.

ஒன்றரை மணி வாக்கில் இடது முழங்கைக்கு மேலே சுருக்கென்றது. கட்டெறும்பு என்று நினைத்துத் தட்டிவிட்டு, பக்கம் மாறிப் படுத்துவிட்டார். நாலு மணிக்கு வயிற்றைப் பிசைந்தது. எழுந்து ஓமத் தண்ணீர் குடித்தார், அதுவும் வாந்தியாக வந்தது. ஐந்து மணிக்குத் தொண்டையில் முள் சிக்கியது போல் இருந்தது. எச்சிலை விழுங்க முடியவில்லை. விளக்கு ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்றார். அப்போதுதான் பெரியப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு கேட்டார்: "ராத்திரியில பூச்சி கீச்சி ஏதாச்சும் பட்டுச்சா?"

எங்கள் பக்கம் விளக்கு வைத்த பிறகு பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் வந்துவிடும் என்பது பயம். பூச்சி என்பார்கள். நாகத்துக்கு ‘நல்லது’ என்று பெயர். எனவே பெரியப்பா கேட்டது பாம்பைப் பற்றித்தான், பெரியம்மாவுக்கும் அது புரிந்தது. கையைக் காட்டினார். டார்ச் வெளிச்சத்தில் வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, பல் தடம் இல்லை.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பல் சின்னது, வலி கிடையாது, கடித்த இடம் வீங்காது. கண்ணாடி விரியன் கடித்தால் கடிபட்ட இடமே ஊருக்குச் சொல்லிவிடும். இது எதையும் காட்டிக்கொள்ளாது. தரையில் படுத்துத் தூங்கியவருக்கு நடுராத்திரிக்குப் பின் வயிற்றுவலி, வாந்தி, தொண்டை அடைப்பு, பிறகு இமை சரிவு என்று வரிசையாக வந்தால், தோலில் தடம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். எட்டடி நடப்பதற்குள் விழுந்துவிடுவான் என்று எட்டடி விரியன் என்றும் இதைச் சொல்வார்கள். பேர் வைத்தவர் கடிபட்டவரைப் பார்த்திருக்க மாட்டார். பெரியம்மா கடிபட்ட பிறகு இரண்டரை மணி நேரம் தூங்கியிருக்கிறார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சத்தம் கேட்டு வந்தார். முழங்கைக்கு மேலே கயிறு கட்டச் சொன்னார், தெரிந்த விஷ வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்றார். இந்த இடத்தில் அண்ணனைப் பாராட்ட வேண்டும். கட்டவில்லை, கீறவில்லை, எங்கேயும் வழி மாறிப் போகவில்லை. வளையலைக் கழற்றி, கையை அசையாமல் ஒரு துண்டில் தாங்கவைத்து, காரில் ஏற்றிவிட்டார். ஐந்து ஐம்பதுக்கு மருத்துவமனை.

நாற்பத்தொரு நிமிஷம்

எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். இரவுப் பணியில் இருந்த செவிலியர் தெற்கே கோட்டயம் பக்கத்துக்காரர். எங்கள் எல்லைத் தமிழ் அவருக்குப் புதிது. அண்ணன் வண்டியை நிறுத்தப் போயிருந்தார். பேசியது பெரியப்பா.

"எந்தா பற்றியெ?" (என்ன ஆச்சு?)

"வயித்து வலிங்க, வாந்தி. ராத்திரி பூச்சி கடிச்சிருக்குமோன்னு சந்தேகமுங்க."

"பிராணியாணோ?"

"ஆமாங்க, பிராணிதான்."

மலையாளத்தில் பிராணி என்றால் சாதாரணப் பேச்சில் பூச்சி, வண்டு. தமிழில் பிராணி என்றால் விலங்கு, உயிர் உள்ளது. செவிலியர் ‘பூச்சிக்கடியா’ என்று சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பெரியப்பா தன் மனதில், பெயரைச் சொல்லாமலே அவருக்குப் பாம்பு என்று புரிந்துவிட்டது, அதனால்தான் பிராணி என்கிறார் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்ட திருப்தியில் பிரிந்தார்கள். சீட்டில் வயிற்றுவலி, பூச்சிக்கடி என்று ஏறியது. வயிற்றுக்கு ஒரு ஊசி, அலர்ஜிக்கு ஒரு ஊசி போட்டு, பெரியம்மாவை ஒரு படுக்கையில் படுக்கவைத்தார்கள்.

அந்த அலர்ஜி ஊசிதான் கதையை இன்னும் சிக்கலாக்கியது. அது தூக்கம் தரும் மருந்து. பதினைந்து நிமிஷத்தில் பெரியம்மாவின் இமைகள் இன்னும் சரிந்தபோது, மருந்து வேலை செய்கிறது, ராத்திரி தூக்கமும் இல்லை என்று எல்லோரும் சமாதானம் ஆகிவிட்டார்கள். டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தடமில்லாத கை, வாந்தி எடுத்த கிழவி, பூச்சி என்று எழுதிய சீட்டு. அவர் கையில் நாங்கள் கொடுத்தது அவ்வளவுதான்.

அதே நேரம் சாளையில் அண்ணி பாயைச் சுருட்டப் போனார். தலையணையைத் தூக்கியதும் சுருண்டு கிடந்தது. பகலில் கட்டுவிரியன் மந்தமாக, தலையை உடம்புக்குள் புதைத்துக்கொண்டு கிடக்கும். விடிந்துவிட்டதால் அது ஓடவில்லை. அண்ணி கத்தவில்லை. வாசலில் இருந்த அண்டாவைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டு, முதலில் மகளைத் தூர நிற்கவைத்துப் படம் எடுக்கச் சொன்னார். அப்புறம் அண்டாவைக் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியை வைத்தார். ஆறு முப்பத்தொன்றுக்கு அந்தப் படம் அண்ணன் போனுக்கு வந்தது. பாம்பைத் தேடிப் பிடிப்பதும் அடித்து எடுத்துக்கொண்டு போவதும் தேவையே இல்லாத வேலை. இன்னொருவர் கடிபடுவதற்குத்தான் வழி. ஆனால் கண்ணில் பட்டதைத் தூர நின்று படம் எடுத்தால் அதற்கு மதிப்பு உண்டு.

டாக்டர் போனைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: "வெள்ளிக்கெட்டன்!" கட்டுவிரியனுக்கு மலையாளப் பெயர்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் அவர் செய்ததை அண்ணன் எனக்கு நடித்தே காட்டினார். கூரையைப் பாருங்கள் என்றார். பெரியம்மாவின் கண் மேலே போனது, இமை கூடப் போகவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னார்; தூக்க முடியவில்லை. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார், பதினொன்றில் நின்றுவிட்டது. கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். சுத்தமான, ஈரமில்லாத புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் என்று சந்தேகம். பெரியம்மாவின் ரத்தம் அழகாக உறைந்துவிட்டது. அந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால்கூட ‘பாம்பு இல்லை’ என்றுதான் ஏமாந்திருப்போம். நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை. உறைதல் சோதனையில் சிக்காது.

குப்பிக்குள் இருப்பது

ஆறே முக்காலுக்கு விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கியது. பத்துக் குப்பி, ஒரு மணி நேரத்தில். குழந்தைக்கும் பெரியவருக்கும் இதில் அளவு ஒன்றுதான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மருந்தே சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதால் அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே தயாராக இருந்தது.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகிற எதிர்ப்பொருளைப் பிரித்துச் செய்வது இந்த மருந்து. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியிலிருந்து போகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வளையைப் பார்த்தே உள்ளே இருப்பது எது என்று சொல்கிற ஆட்கள். எங்கள் அண்ணன் நாலு வீடியோ பார்த்துச் சொன்னதை இதோடு ஒப்பிட வேண்டாம்.

மருந்து ஏறியும் பெரியம்மாவின் நிலை கீழேதான் போனது. குடும்பத்தில் பாதிப் பேர் மருந்து போலி என்று பேசத் தொடங்கினார்கள். விஷயம் அதுவல்ல. விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற விஷத்தை மட்டுமே பிடிக்கும். கட்டுவிரியன் விஷம் நரம்பின் நுனியிலேயே போய் உட்கார்ந்து அதைச் சிதைத்துவிடுகிறது. அந்த நுனி மறுபடி வளர நாள் ஆகும். நாகக் கடிக்கு நியோஸ்டிக்மின் ஊசி பல சமயம் இமையைத் தூக்கிவிடும். பெரியம்மாவுக்கும் போட்டுப் பார்த்தார்கள், சொல்லும்படி மாற்றமில்லை. இனி வேலை மூச்சை நடத்திக்கொண்டே இருப்பதுதான். எட்டேகாலுக்கு மூச்சுக்குக் குழாய் போட்டு, வென்டிலேட்டர் உள்ள பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள். இரண்டாம் தவணைப் பத்துக் குப்பி அங்கே போனது.

மதியத்துக்குள் கை, கால், முகம் எதுவும் அசையவில்லை. கண்மணி விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்கவில்லை. பார்த்த எவருக்கும் உயிர் போய்விட்டது என்றுதான் தோன்றும். பெரியம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, படுக்கைக்கு அருகிலேயே நின்று, "சம்பந்தி வீட்டுக்கெல்லாம் சொல்லியனுப்பிரலாம்" என்றார். அங்கிருந்த டாக்டர் அவரை வெளியே கூட்டிவந்து, இந்தக் கடியில் தசைதான் செத்தது போல் கிடக்கும், காது கேட்கும், நினைவு இருக்கும், உள்ளே போனால் தைரியமாகப் பேசுங்கள் என்றார். நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் பெரியம்மா கேட்ட முதல் சங்கதி: "எங்கண்ணன் யார் யாருக்குச் சொல்லியனுப்புச்சு?"

பாம்பு பிடிக்க வந்தவர் சொன்னது

அண்டாவுக்குள் இருந்ததை என்ன செய்வது? அண்ணி கேரள வனத்துறையின் சர்ப்பா செயலியில் பார்த்துக் கூப்பிட்டார். பயிற்சி எடுத்து வனத்துறை அனுமதி பெற்ற ஆட்களின் எண் அதில் இருக்கும். எட்டரைக்கு ஒருவர் கொக்கியும் குழாயும் துணிப்பையுமாக வந்தார். கட்டுவிரியனைப் பையில் போட்டது ஐந்து நிமிஷ வேலை. அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் வீட்டைச் சுற்றி நடந்தார். இந்த முழுக் கதையிலும் உருப்படியானது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

பின்கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. அவர் அதில் தன் கட்டை விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். கட்டுவிரியனுக்கு இது ராஜபாட்டை என்றார். துவைக்கிற கல்லின் அருகே தண்ணீர் தேங்கித் தவளைகள். விறகு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே எலி வளை ஐந்து. தீவன மூட்டையில் இரண்டு ஓட்டை. மட்டைக் குவியலைக் கொக்கியால் விலக்கினபோது உள்ளிருந்து குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரு சீறல். கண்ணாடி விரியன், மலையாளத்தில் அணலி. அண்ணி மகள் வாரம் இரண்டு தடவை அந்தக் குவியலிலிருந்துதான் அடுப்புக்கு மட்டை எடுத்து வருவாள்.

பூண்டு நசுக்கித் தெளிக்கலாமா, பினாயில் ஊற்றலாமா, சிறியாநங்கை நடலாமா என்று பெரியப்பா வரிசையாகக் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, பூண்டு குழம்புக்கு நல்லது என்றார். பாம்பை விரட்டுகிற மருந்து எதுவும் இல்லை. எலியை விரட்டினால் அது வேறு தோட்டம் பார்க்கும்.

அந்த வாரமே மட்டை முழுவதும் கேட்ட விலைக்குப் போனது. விறகு சுவரை விட்டுத் தள்ளி, தரைக்கு ஓரடி மேலே பரணில் ஏறியது. தீவனம் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்முக்கு மாறியது. குளியலறைக் குழாய்க்கு எண்பது ரூபாயில் சல்லடை, பின்கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. இரண்டும் சேர்ந்து முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. வென்டிலேட்டர் வார்டின் ரசீதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. பெரியம்மாவுக்கு இனி கட்டிலும் கொசுவலையும்தான். வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும், தொங்கவிட்டால் பயனில்லை. கொசுவலைக்குள் படுப்பவர்களைப் பாம்பு கடிப்பது குறைவு என்று தென்கிழக்கு நேபாளத்தில் செய்த ஓர் ஆய்வு 2007லேயே சொல்லியிருக்கிறது.

சீட்டில் எழுதியது

வந்து சேர்ந்ததும் தொலைந்த நாற்பத்தொரு நிமிஷத்தைவிட, ஒன்றரையிலிருந்து ஐந்து வரை போன நேரம்தான் பெரிய நஷ்டம் என்பது என் கணிப்பு. ஆனாலும் அந்த நாற்பத்தொன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் அது ஒரு சொல்லால் போனது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அந்த எண் மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து வரவில்லை. இறப்பு நடந்த வீடுகளுக்குப் போய், எப்படி இறந்தார் என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. பதிவேட்டில் இருப்பது இதில் ஒரு சிறு பங்குதான். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பெரியம்மாவின் முதல் சீட்டில் இருந்தது பூச்சிக்கடி. அண்ணி தலையணையைத் தூக்காமல் இருந்திருந்தால் எந்தக் கணக்கிலும் அவர் பூச்சிக்கடிதான்.

ஏன் பாம்பு என்று சொல்லவில்லை என்று பெரியப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். "இருட்டு விடியலையே சாமி" என்றார். அது சாக்கு இல்லை. அவருக்கு அந்த வார்த்தை வாயில் வரவே இல்லை.

போன மாதம் இரவு எட்டரைக்கு அவரிடமிருந்து போன். "கண்ணு, கொட்டாய்ல பாம்பு ஒண்ணு. சாரை மாதிரிதான் இருக்குது, போட்டோ அனுப்பச் சொல்றேன், நீ பாரு." சாரைதான். எலி பிடிக்க வந்திருக்கிறது, இருக்கட்டும் என்றேன். பின்னால் பெரியம்மாவின் குரல் கேட்டது: "வெளக்கு வெச்ச நேரத்துல என்ன பேச்சு பேசறீங்க?"